எட்டு வரியிலும் ஒரே புத்தகம்

கோடை விடுமுறை முடிந்து வாசிப்பு அட்டைகள் திரும்பி வரும் வாரத்தில் நூலக மேசையில் நிற்க நேரமிருக்காது. தேதி, புத்தகத்தின் பெயர், எத்தனை பக்கம், பிடித்தது என்ன என்று அட்டையில் நாலு கட்டம், எட்டு வரி. ஆறு வரி நிரம்பியிருந்தால் சான்றிதழ். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கொடுத்த அட்டையில் எட்டு வரியும் நிரம்பியிருந்தது. எட்டிலும் ஒரே புத்தகத்தின் பெயர்.

"மிஸ், எட்டு தடவையும் முழுசா படிச்சேன். இது எட்டா, ஒண்ணா?"

"சான்றிதழ் ஆறு வேற வேற புத்தகத்துக்குத்தாம்மா."

"அப்ப நான் படிச்சது படிச்சதா ஆகாதா?"

"படிச்சதுதான். ஆனா கணக்கு வேற."

அவள் தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அழவில்லை, முகம் வாடினதாகவும் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கடைசிப் பதில் என்னை விடுவதாக இல்லை.

சொன்னது சரி என்று இன்றும் என்னால் வாதிட முடியும். ஆறு வெவ்வேறு புத்தகங்கள் என்று அட்டையின் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தோம். அதே வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பையன் ஒருவன் ஆறாவது புத்தகத்தை முடிக்க விடுமுறையின் கடைசி நாள்வரை மல்லுக்கட்டியிருந்தான். அவன் அட்டையும் அதே கட்டில்தான் இருந்தது. ஒருத்திக்கு விதியை வளைத்தால் அவனுடைய ஆறுக்கு என்ன அர்த்தம்? ஆறு என்ற எண்ணையும் நாங்கள் மனம்போன போக்கில் போடவில்லை. பிரிட்டனின் பொது நூலகங்களில் 1999 முதல் நடந்துவரும் கோடை வாசிப்புச் சவாலில் குழந்தைகளுக்கு வைத்த இலக்கு அது. வாரத்துக்கு ஒன்று என்று போனால்கூட ஊருக்குப் போகிற நாள், உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் கழித்து முடித்துவிடலாம். எட்டு, பத்து என்று வைத்தால் பாதி வழியில் பின்தங்கிய குழந்தை "இனிமே முடியாது" என்று மொத்தமாக விட்டுவிடும்.

இவ்வளவும் சரிதான். பிறகு அட்டையின் நான்காவது கட்டத்தைப் படித்தேன்.

பெரும்பாலான அட்டைகளில் அந்தக் கட்டத்தில் "நன்றாக இருந்தது", "கதை பிடித்தது" என்றுதான் இருக்கும். பின்னட்டையைப் பார்த்து எழுதிய வரியும் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அதில் கதை எப்படித் தொடங்குகிறது என்பது இருக்கும், எப்படி முடிகிறது என்பது இருக்காது. இவளுடைய அட்டையில் முதல் வரிக்கு எதிரே "நாய் காணாமல் போகும் இடம்" என்றிருந்தது. மூன்றாவதில், "பாட்டி பொய் சொல்கிறாள். முதலில் கவனிக்கவில்லை." ஐந்தாவதில், "பாட்டி பொய் சொன்னது தம்பிக்காக." ஏழாவதில், "நாய் வாசலைப் பார்க்கிற படம் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது." எட்டாவதில், "பாட்டியும் தனியாகத்தான் இருக்கிறாள்."

ஆறு புத்தகம் படித்துச் சான்றிதழ் வாங்கிய எந்த அட்டையிலும் இப்படி ஒரு ஏறுவரிசை இல்லை. முதல் வாசிப்பில் கதை. ஐந்தாவதில் பாத்திரத்தின் உள்நோக்கம். ஏழாவதில் ஓவியர் முன்கூட்டியே வைத்த தடயம். இதைச் சொல்லிக்கொடுக்க மொழிப் பாடத்தில் எத்தனை பீரியட் போகிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

மறுவாசிப்பு வீண் வேலை இல்லை என்பதற்கு ஆய்வுகளும் உண்டு. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்தது. சிலருக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார்கள், சிலருக்கு வேறுவேறு கதைகள். புதுச் சொற்கள் இரு தரப்பின் காதிலும் சம அளவில்தான் விழுந்தன. ஒரே கதையைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தச் சொற்கள் அதிகம் மனதில் நின்றன. கதை எங்கே போகிறது என்ற பதற்றம் அடங்கிய பிறகுதான் குழந்தையின் கவனம் சொல்லுக்கு வருகிறது. சரளமாக வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பத்தியைத் தடையில்லாமல் வரும்வரை திரும்பப் படிக்கவைக்கும் முறையை ஜே சாமுவேல்ஸ் 1979இலேயே விளக்கியிருக்கிறார்.

இதை அப்படியே பிடித்துக்கொண்டு மறுவாசிப்பு எல்லாமே உயர்ந்தது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மூன்று வயதில் மடியில் உட்கார்ந்து கேட்பது வேறு, பத்து வயதில் தனியாகப் படிப்பது வேறு. புதுப் புத்தகத்தைத் தொடப் பயந்து பழைய புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கஷ்டமான சொல் வந்துவிடுமோ, பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம். இரண்டையும் எண்ணிக்கை பிரித்துக் காட்டாது, நான்காவது கட்டம் காட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம் எழுதியிருந்தால் அது ஒளிந்துகொள்ளுதல். அந்தக் குழந்தைக்கு அதே ஓவியர், அதே அளவு எழுத்து, அதே மாதிரி வீடு வருகிற இன்னொரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, முதல் நாலு பக்கத்தை நாமே படித்துக் காட்ட வேண்டும். வாக்கியம் மாறிக்கொண்டே போனால் விட்டுவிட வேண்டும். அந்தக் குழந்தைக்கு நம் உதவி அப்போது தேவையில்லை.

சான்றிதழ் கொடுத்திருந்தால் மட்டும் அவளுக்கு நல்லது நடந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு பரிசுத் திட்டம் நடத்துகிற எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம் "வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பிறகு விருப்பம்போல் விளையாட விட்ட நேரத்தில், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்ற இரு பிரிவினர் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்த காரியம், பரிசு வாக்கு வந்ததும் கூலி வேலையாகிவிட்டது.

ஆனால் அந்த ஆய்வின் முதல் வரியை மறக்கக் கூடாது. எடுத்துக்கொண்டதே ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்தப் பையனுக்கு ஆசை இன்னும் வரவில்லை. ஆறு என்ற எண் இல்லாவிட்டால் அவன் மூன்றோடு நிறுத்தியிருப்பான். அவன் அம்மாவே வந்து சொன்னார்: "மேடம், தினமும் எத்தனை பாக்கின்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் படுப்பான்." ஒரே அட்டை ஒருவனைத் தூக்கிவிட்டது, ஒருத்தியிடம் கணக்கு வேறு என்றது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து பெஞ்ச்.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளை நூலகப் படிப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். ஐந்தில் எதிலும் எண்ணிக்கை என்ற பேச்சே கிடையாது. அந்த நாய்க் கதை எங்கள் அலமாரியில் வெகுநாள் யாரும் தொடாமல் இருந்த புத்தகம். அதற்கான வாசகர் கிடைத்த கோடையில்தான் நான் எண்ணிக்கை பேசினேன்.

அட்டையைப் பற்றி இவ்வளவு யோசித்தாலும், கோடை வாசிப்பின் பாதி வெற்றி விடுமுறைக்கு முந்தின இரண்டு வாரத்தில்தான் இருக்கிறது. ஆலிங்டனும் மெக்கில்-ஃபிரான்ஸனும் மற்றவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுந்த 17 பள்ளிகளில் 852 மாணவர்களுக்கு அடுத்தடுத்து மூன்று கோடைக்குப் புத்தகம் கொடுத்தார்கள். 478 பேருக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களின் வாசிப்புத் திறன் மேலே நின்றது. அந்தப் புத்தகங்கள் பிள்ளைகள் தாங்களே பார்த்துப் பொறுக்கி எடுத்தவை. ஆசிரியர் போட்ட பட்டியல் அல்ல.

பொறுக்கி எடுப்பதற்கு வழி செய்வது நம் வேலை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு அறுபது புத்தகமாவது மேசையில் வேண்டும். அதற்குக் குறைந்தால் கடைசியில் வருகிறவனுக்கு மிச்சம்தான் கிடைக்கும், மிச்சத்தை அவன் படிக்க மாட்டான். முதுகைக் காட்டி அடுக்காமல் முகப்பைக் காட்டி வைக்க வேண்டும். ஒரு புத்தகத்துக்கு இரண்டு நிமிடம்: அட்டை, முதல் பக்கம், நடுவில் ஒரு பக்கம். பிடித்தால் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த மேசை. நடுப்பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லலாம். ஐந்து விரலும் மடங்கினால் தனியாகப் படிக்கக் கொஞ்சம் கடினம், வீட்டில் பெரியவர் யாராவது கூட உட்கார்ந்தால் எடுத்துப் போகலாம். ஒரு விரலும் மடங்காத புத்தகத்தைத் தடுக்கக் கூடாது. விடுமுறைக்கு எளிய புத்தகமும் வேண்டும்.

பையில் ஆறு புத்தகம் போகிறதென்றால் நான் பார்ப்பது கலவையை. ஏற்கெனவே பிடித்தது ஒன்று, அதே வரிசையில் அடுத்தது ஒன்று, படக்கதை ஒன்று, பூச்சியோ விண்வெளியோ தகவல் புத்தகம் ஒன்று, தம்பி தங்கைக்குப் படித்துக் காட்ட ஒன்று, சும்மா முயன்று பார்க்க ஒன்று. படக்கதையைப் பெற்றோர் பையிலிருந்து எடுத்து வைத்துவிடுவார்கள். அதனால் பை வாங்க வரும்போதே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பெரும்பாலும் திட்டம் கவிழ்வது முதல் புத்தகத்தில்தான். பெருமைக்காக இருப்பதிலேயே தடியானதை முதலில் எடுப்பார்கள், நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிடும், அதை முடிக்காமல் அடுத்ததை எடுப்பது தப்பு என்று நினைத்து மற்ற ஐந்தையும் தொடவே மாட்டார்கள். மெலிந்த புத்தகத்தில் "இதிலிருந்து ஆரம்பி" என்று ஒரு சீட்டு வையுங்கள். இருபது பக்கத்துக்கு மேல் இழுக்கவில்லையென்றால் மூடிவிடலாம் என்பதை வாயால் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்த உரிமை தங்களுக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று விடுமுறைக்கு முன் எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கிப் பூட்டுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும் மாதத்தில் புத்தகம் அலமாரியில் இருக்கும். இரவல் பதிவேட்டில் பதிவு எண்ணோடு சரிபார்த்து "வெளியில்" என்று குறித்தாலே இருப்புக் கணக்கு நேராகிவிடும். திரும்பக் கொடுக்கும் கெடுவைப் பள்ளி திறக்கும் நாளில் வைக்காமல் ஒரு வாரம் தள்ளி வைக்கலாம். சில புத்தகம் நனைந்து வரும். வெயிலில் காயவைத்தால் தாள் நெளிந்துவிடும். பக்கங்களுக்கிடையே உறிஞ்சும் தாள் வைத்து, மாற்றி மாற்றி, காற்றோட்டத்தில் விரித்து நிறுத்த வேண்டும். கிழிந்ததற்கு வீட்டில் செலோ டேப் ஒட்டிவிடுவார்கள். அது நாளாக ஆக மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும், ஆகவே "ஒட்டாமல் அப்படியே கொண்டு வா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அபராதம் கிடையாது. அபராதத்துக்குப் பயந்த பிள்ளை புத்தகத்தோடு தானும் நூலகத்துக்கு வராமல் நின்றுவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

அட்டைக்கு வருகிறேன். மறு கோடையில் புத்தக எண்ணிக்கையை எடுத்துவிட்டு நிமிடக் கணக்கு வைத்தோம். எல்லா நாளும் முப்பது, முப்பது என்று வருகைப் பதிவேடு போல நிரம்பி வந்தது. நான்காவது கட்டம் காலியாகவே இருந்தது. அதற்கடுத்து எண்ணே இல்லாத அட்டை. தானாகப் படிக்கிற பிள்ளைகள் அதில் அழகாக எழுதினார்கள், படங்கூட வரைந்தார்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளைகளில் பலருடைய அட்டை திரும்பவே இல்லை. அவர்களில் ஒருவன் நேராகவே கேட்டான்: "எத்தனைன்னு சொல்லுங்க மிஸ், முடிச்சிடறேன்."

இப்போது அட்டையில் எண் அச்சிடுவதில்லை. கொடுக்கும்போது மூலையில் பென்சிலால் ஒரு எண் எழுதுகிறேன். சிலருக்கு ஆறு, சிலருக்கு நாலு, சிலருக்கு எண்ணே இல்லை. சான்றிதழை முன்கூட்டிச் சொல்வதில்லை. மறுவாசிப்பும் வரியாக எழுதலாம் என்று கீழே அச்சிட்டிருக்கிறோம். அந்தச் சிறுமிக்கு அன்று இந்த அட்டை இருந்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. ஆனால் அவளுக்கு எது பொருந்தும் என்று விடுமுறைக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்குமா? அவள் வகுப்பில் அதிகம் பேசாதவள். அன்று பென்சிலைக் கையில் எடுத்திருந்தால் அவள் அட்டையிலும் ஆறு என்றுதான் எழுதியிருப்பேன்.

பென்சில் எண்ணிலும் சிக்கல் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் அட்டையை அக்கம்பக்கத்தில் காட்டிக்கொள்கிறார்கள். "அவனுக்கு ஆறு, இவளுக்கு மட்டும் ஏன் நாலு? குறைச்சு மதிப்பிடறீங்களா?" என்று ஒரு தாய் கேட்டார். இவள் எடுத்த நாலும் பெரிய புத்தகங்கள் என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் எண்ணைக் குறைத்ததற்கு அது மட்டும் காரணமில்லை. அடுத்த விடுமுறைக்கு எண்ணைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாமா என்று வகுப்பாசிரியர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் இருபது என்று எழுதிவிடுவார்கள் என்கிறார் ஒருவர். எழுதட்டும், அதைப் பேசித் திருத்துவதே நல்ல பேச்சாக இருக்கும் என்கிறார் இன்னொருவர்.