படத்தில் வந்த வீடு

செட்டிநாடு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஆட்டோக்காரர் கேட்டார்: "எந்தப் படத்துல வந்த வீட்டைப் பாக்கணும் சார்?" கானாடுகாத்தான் தெருக்களுக்குள் நுழைந்ததும் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். இது வில்லன் வீடு, அது கல்யாண வீடு, அந்த மூலையில் இருப்பது பாட்டு எடுத்த வீடு. "இதெல்லாம் யாரு வீடுண்ணே?" என்றேன். "அவங்கல்லாம் சென்னையில இருக்காங்க சார், பேரு தெரியல" என்றார். ஒரு காலத்தில் இந்த வீடுகளைப் பாட்டன், முப்பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசத்தால்தான் ஊரே அறிந்திருந்தது. முகப்புக்கு மேலே சுதையில் அந்த எழுத்துகள் பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கின்றன.

எனக்குப் பூம்புகார் பக்கம். கடற்கரை ஊர்களில் படப்பிடிப்பு நடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். படகுகளுக்குப் புது பெயின்ட் அடிப்பார்கள், வலையைக் கேமராவுக்குத் தோதாக விரித்துப் போடுவார்கள், படம் வந்தால் ஊருக்கு வேறு பெயர் இருக்கும். ஆனால் அவர்கள் மூட்டை கட்டிய மறுநாள் விடியலிலேயே அதே படகு மீன்பிடிக்கப் போய்விடும். ஊர் ஊர்க்காரர்கள் கையில் இருக்கும். செட்டிநாட்டில் என்னைச் சங்கடப்படுத்தியது இந்த இடம்தான். இங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கேமரா போன பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பி வர ஆள் இல்லை.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், எங்கள் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதும் கிளம்பி, கடலை விட்டுத் தள்ளி, இந்த வறண்ட செம்மண் பூமியில் குடியேறியதாகச் சொல்வார்கள். வீடுகளை இத்தனை உயரமான மேடை மேல் கட்டியதற்கும் அந்தக் கடல்கோள் நினைவுதான் காரணம் என்று கேட்டதுண்டு. தொடக்கத்தில் 96 ஊர்கள் என்பார்கள், இப்போது 70-க்கும் மேல் இருக்கின்றன. பர்மா, இலங்கை, மலேயா என்று போய் லேவாதேவி செய்து சம்பாதித்தார்கள். பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் வந்து இறங்கின. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்தச் செல்வத்துக்கு வந்த அடி பெரியது. சொத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ.

சினிமா இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. ஏ.வி.எம். ஸ்டூடியோவைத் தொடங்கிய ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர். 1940-களில் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். அப்புறம் ஸ்டூடியோ கோடம்பாக்கம் போனது. பல வருஷம் கழித்து சினிமா திரும்பி வந்தபோது அதற்கு வேண்டியிருந்தது வீடு மட்டும்தான். தூண் வரிசையும் பெரிய கதவும் கிடைத்தால் போதும், மதுரை, நெல்லை, தஞ்சாவூர் என்று கதை எங்கே நடந்தாலும் பண்ணையார் வீடு தயார். உண்மையில் இது அரிவாளோடு ஆள் நிற்கும் வீடே இல்லை. முகப்பில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து பேரேடு எழுதிய வீடு. வட்டிக் கணக்கும் கடல் கடந்த கடிதங்களும் கோயில் திருப்பணியும் பேசிய திண்ணை. எத்தனை படத்தில் வந்தும் அந்த வியாபாரியின் வாழ்க்கையை இந்த வீடுகளுக்குள் நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் ஆச்சி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "எந்த ஊர்லேருந்து வர்றிய? சாப்பிட்டியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவே திறந்த முற்றம், நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு, சுற்றிலும் அறைகள். கல்யாணம் ஆன மகனுக்கு ஆளுக்கோர் அறை. மழைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி அண்டாக்களை நிறைக்கும், மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்.

சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய் நீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, படிப்படியாகப் பூசித் தேய்த்த பூச்சு. வெயில் நேரத்திலும் கைக்குச் சில்லென்று இருந்தது. ஆனால் அறை வாசலுக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்கு மேல் ஒரு பட்டை மஞ்சள் பெயின்ட். படப்பிடிப்புக்காக அடித்தது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன், ஒரு துண்டு உரிந்து வந்தது. அடியில் பழைய வெள்ளை மினுங்கியது. பெயின்ட் அடித்த இடத்தில் சுவர் ஈரத்தை வெளியே விட முடியாமல் பொரிந்துபோயிருந்தது. இந்தப் பூச்சைத் திரும்பப் போட ஆள் தேடுவது சுலபமில்லை.

கோபம் வந்தது எனக்கு. ஆச்சிக்கு வரவில்லை. "மழைக்கு முந்தி ஓடு மாத்தணும் தம்பி. பங்காளிய பூராப் பேருகிட்டயும் சம்மதம் வாங்கி, பங்கு வாங்கி, எப்ப மாத்துறது? சினிமாக்காரவுக குடுத்த வாடகைலதான் இந்த வருசம் ஓடு மாத்துனது. அவுகளை எப்பிடி வைய?" அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. வாடகை வாங்காமல் கௌரவமாகப் பூட்டி வைத்த வீடுகளில் ஓடு சரிந்து, விட்டம் இற்று, ஆலஞ்செடி முளைத்திருப்பதை அதே தெருவில் பார்த்தேன். கடைசியில் அவை பிரிக்கப்பட்டுத் தூண் தூணாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வருகின்றன.

வாடகைக்கு விடுவதில் எனக்குக் குறை இல்லை. வீடு படத்தைப் போல மாறுவதுதான் வலிக்கிறது. ஒரு முகப்பில் படத்துக்கு அடித்த பளீர் நீலத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள், பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்கிறதாம். இன்னொரு வளவில் மாட்டுவண்டிச் சக்கரம் சாத்தி, கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கண்ணாடிமேல் கையால் சாயம் ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, நாள் கணக்கில் தண்ணீரில் ஊற வைத்து எடுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ வேலை, இப்போது மிஷினில் அச்சடித்த டைல்ஸாக எங்கும் கிடைக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெருமை முகப்போடு நின்றுவிடக் கூடாது. வளவில் அடுப்புப் புகையும், வெயிலில் காயும் வற்றலும், விசேஷத்துக்குக் கூடும் பங்காளிகளும் இருந்தால்தான் அது செட்டிநாடு.

ஆச்சி வீட்டில் தை மாதம் பேத்தி கல்யாணம். சென்னை, சிங்கப்பூர் என்று இருக்கும் எல்லாரும் வந்தாக வேண்டும், சடங்கு இந்த வளவில்தான் என்று உறுதியாகச் சொன்னார். அதற்கு முன் அந்த மஞ்சளைச் சுரண்டி எடுக்க ஒரு பழைய கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆத்தங்குடியில் நுழைவுக் கட்டணம் கட்டிப் பார்க்கும் பெரிய வீட்டைப் பாருங்கள், நன்றாகவே வைத்திருக்கிறார்கள். அதோடு திரும்பிவிடாமல் பள்ளத்தூர், கொத்தமங்கலம் தெருக்களிலும் நடங்கள். திறந்திருக்கும் வீட்டில் அனுமதி கேட்டு உள்ளே போங்கள், விலாசம் என்னவென்று விசாரியுங்கள். ஆத்தங்குடிக் கல் வாங்குவதானால் பட்டறையிலேயே வாங்குங்கள். தை மாதம் போக முடிந்தால், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலை விட்டுவிடாதீர்கள். கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் குடும்பம் குடும்பமாக நகரத்தார் வந்து வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள்.