சுவிட்சைப் போடும் முன்: அரிய ஆர்கேட் மெஷின்களைக் காப்பது பற்றி

பல வருடம் கிடங்கில் கிடந்த ஆர்கேட் மெஷின் (காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி) ஒன்று கைக்கு வந்தால், ப்ளக்கைச் செருகிப் பார்க்கத்தான் யாருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பவர் சப்ளையில் ரெகுலேட்டர் கெட்டு, 5 வோல்ட் வர வேண்டிய லைனில் 8, 9 வோல்ட் ஏறினால் போர்டில் உள்ள சிப்புகள் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். பேக்-மேன் போர்டு என்றால் மாற்று சிப் எழுதிச் சமாளிக்கலாம். அட்டாரி நிறுவனம் 1982-ல் சோதனை அளவில் மட்டும் செய்து கைவிட்ட ‘அக்கா ஆர்’ போன்ற ஒன்று என்றால் என்ன செய்வது? அதில் இன்று அறியப்பட்ட பெட்டிகள் மூன்றே மூன்று. 2019-ல் அதன் ரோம் (விளையாட்டின் ப்ரோக்ராம் பதிந்த சிப்) தரவு இணையத்தில் வெளியாகும் வரை, அந்த மூன்று பெட்டிகளுக்குள் இருந்த சில சிப்புகளைத் தவிர அந்த விளையாட்டுக்கு வேறு இருப்பே கிடையாது.

அதனால் முதல் வேலை, மின்சாரம் கொடுக்காமல் போர்டைக் கழற்றி ரோம்களைப் படித்து எடுப்பது. 1980-களின் தொடக்கத்து போர்டுகளில் பெரும்பாலும் 2708, 2716, 2732 வகை ஈப்ராம்கள் (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ரோம்கள்) இருக்கும். சிப்பின் முதுகில் உள்ள சிறு கண்ணாடி ஜன்னல் வழியே புற ஊதா ஒளி தொடர்ந்து பட்டால் உள்ளே இருப்பது அழியும். ஸ்டிக்கர் உதிர்ந்திருந்தால் ஒளி புகாத டேப்பை ஒட்டுங்கள். உதிர்ந்த ஸ்டிக்கரையும் பத்திரப்படுத்துங்கள், பதிப்பு எண் அதில்தான் இருக்கும். ஒவ்வொரு சிப்பும் எந்த சாக்கெட்டில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று படம் எடுத்த பிறகே கழற்ற வேண்டும். இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். வெள்ளி முலாம் பூசி, கறுத்துப்போன பின்கள் ஒரே இழுப்பில் ஒடியும்.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்2716-ம் இன்டெலின் 2716-ம் பெயரில் ஒன்று போலத் தெரியும். இன்டெலுடையதற்கு 5 வோல்ட் மட்டும் போதும். டெக்சாஸ் சிப்புக்கு +5, −5, +12 என மூன்றும் வேண்டும். 2708-க்கும் அப்படித்தான். இன்றைய மலிவான யூஎஸ்பி ரீடர்கள் பல இவற்றைப் படிக்காது. ஒவ்வொரு சிப்பையும் குறைந்தது மூன்று முறை படியுங்கள். மூன்று முறையும் ஒரே செக்சம் (படித்த தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வராவிட்டால் சிப்பின் மின்னூட்டம் கசியத் தொடங்கியிருக்கலாம். எழுதப்பட்ட பூஜ்ஜியங்கள் மெல்ல ஒன்றுகளாகத் திரும்பும். அப்போது ரீடரின் வோல்டேஜை 4.5 அளவுக்குக் குறைத்துப் படித்தால் தளர்ந்த பிட்டுகள் பல சமயம் சரியாக வரும். கிடைத்ததை மேம் எமுலேட்டரின் (பழைய ஆர்கேட் மெஷின்களைக் கணினியில் ஓட்டிக்காட்டும் மென்பொருள்) பட்டியலில் உள்ள மதிப்புகளோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் உடனே ‘கெட்ட சிப்’ என்று முடிவு கட்ட வேண்டாம். இதுவரை யாரும் பதிவு செய்யாத பதிப்பாகவும் இருக்கலாம்.

அடுத்து பேட்டரி. வில்லியம்ஸின் டிஃபென்டர், ரோபோட்ரான் போன்றவற்றின் சிபியூ போர்டில் மூன்று ஏஏ பேட்டரிகள் இருக்கும். அவை ஒழுகினால் வெளிவரும் காரம் செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே போகும். பச்சை பூத்த இடத்தில் வெள்ளை வினிகரைத் தொட்டு நடுநிலையாக்கி, டிஸ்டில்டு தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். வினிகரை அப்படியே விட்டுவிட்டால் அது தனியாக ஓர் அரிப்பைத் தொடங்கும். இனி போர்டின் மேல் பேட்டரி வேண்டாம். பேட்டரி தேவையில்லாத நினைவகச் சிப் போடலாம், இல்லையென்றால் பேட்டரி ஹோல்டரை வயர் வைத்துப் போர்டுக்கு வெளியே கொண்டுபோகலாம்.

பேட்டரியை எடுத்தாலே செத்துப்போகும் போர்டுகளும் உண்டு. கேப்காம் 1993-ல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டில் விளையாட்டு பூட்டுபோட்டு வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி, பேட்டரி தயவில் வாழும் ராமில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி போச்சு, திரையில் வெறும் நிறம் மட்டும்தான் தெரியும். சேகாவின் எஃப்டி1094 சிப்பும் இதே கதிதான். பூட்டை உடைக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர்களின் புண்ணியத்தில், 2016 முதல் சிபிஎஸ்-2 போர்டுக்குச் சாவியைத் திரும்ப எழுத முடிகிறது. தயாரித்த நிறுவனம் அந்தப் போர்டுகளுக்குக் கெடு வைத்தது, ஆர்வலர்கள் அவற்றை மீட்டார்கள். இதை மியூசியம் லேபிள்களில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதெல்லாம் முடிந்த பிறகே பவர் சப்ளை. போர்டை இணைக்காமல், சப்ளையை மட்டும் தனியாகச் சோதியுங்கள். ஃப்யூஸ் ஹோல்டரைத் திறந்து பாருங்கள்: முன்பு யாராவது அளவு கூடிய ஃப்யூஸோ அலுமினியத் தாளோ வைத்திருப்பார்கள். போர்டில் உள்ள டிடிஎல் சிப்புகளுக்கு (அந்தக் காலத்து எளிய லாஜிக் சிப்புகள்) 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் இடம். அதை சப்ளையில் அளக்காமல் போர்டின் மேலேயே அளக்க வேண்டும். சப்ளையில் 5.1 காட்டி போர்டில் 4.6 இருந்தால், பலர் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றிவிடுவார்கள். கோளாறு பெரும்பாலும் நடுவில் கரிந்துபோன எட்ஜ் கனெக்டரில் (போர்டின் ஓரத்தில் வயர்களை இணைக்கும் செருகி) இருக்கும். அதை மாற்றாமல் ஏற்றினால் அந்த இணைப்பு இன்னும் சூடாகும்.

பிக்சர் ட்யூப் தனி உலகம். கலர் ட்யூபின் ஆனோடில் (ட்யூபின் மேல் ரப்பர் மூடி போட்ட இணைப்பு) 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். நல்ல காப்புள்ள நீள ஸ்க்ரூடிரைவரில் வயர் கட்டி, மறுமுனையை ட்யூபைச் சுற்றியுள்ள எர்த் பின்னலில் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். சில நிமிடம் கழித்து மறுபடியும் செய்யுங்கள், மின்னூட்டம் திரும்ப ஊறி வரும். கழுத்துப் பக்கத்து போர்டில் எர்த் கொடுத்தால் அங்குள்ள பாகங்கள் போய்விடும்.

வெக்டர் மானிட்டர்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 1979-ன் ஆஸ்டராய்ட்ஸ், 1981-ன் டெம்பெஸ்ட், 1983-ன் ஸ்டார் வார்ஸ் ஆகியவற்றில் எலக்ட்ரான் கற்றை கோடுகளை நேரடியாகத் திரையில் வரையும். அந்தக் கோட்டின் கூர்மையும், குண்டு பாயும்போது எரியும் அந்தப் பிரகாசமும் எந்த எல்சிடியிலும் வராது. ஆனால் டெம்பெஸ்டில் உள்ள வெல்ஸ்-கார்ட்னர் 6100-ன் குறைந்த வோல்டேஜ் பகுதி கெட்டால், கற்றையைத் திருப்பும் டிஃப்ளெக்ஷன் டிரான்சிஸ்டர்களையும் சேர்த்தே கொண்டுபோகும். ஸ்டார் வார்ஸின் ஆம்ப்ளிஃபோன் மானிட்டரில் ட்யூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்தான் பலவீனம். அதற்கு ஆர்வலர்கள் புதிதாகச் சுற்றிச் செய்யும் மாற்று கிடைக்கிறது. பழையதை எறியாமல் சீட்டு எழுதிக் கட்டி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

படித்து எடுக்க ரோமே இல்லாத மெஷின்களும் உண்டு. 1971-ன் கம்ப்யூட்டர் ஸ்பேஸ், 1972-ன் பாங், 1976-ன் பிரேக்அவுட் ஆகியவற்றில் ப்ராசசரும் கிடையாது, ப்ரோக்ராமும் கிடையாது. டிடிஎல் சிப்புகளுக்கு இடையே ஓடும் இணைப்புகள்தான் விளையாட்டு. மென்பொருளில் இவற்றைக் காட்ட வேண்டுமானால் சுற்றை முழுவதுமாக ஒப்புருவாக்க வேண்டும். அதற்கு அசல் போர்டின் சர்க்யூட் வரைபடமும், ஓடும் போர்டில் எடுத்த அலைவடிவ அளவுகளும் தேவை. பாங்கின் முதல் மாதிரி கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இருக்கிறது. இப்படிப்பட்டதைத் தனியார் ஒருவரின் வீட்டுக் கிடங்கில் விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பாது.

மியூசியங்கள் இரு வழிகளில் போகின்றன. நியூ ஹாம்ப்ஷயரின் லக்கோனியாவில், ஃபன்ஸ்பாட்டுக்குள் இருக்கும் அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் மியூசியத்தில் காசு போட்டு விளையாடலாம். பெர்லினின் கம்ப்யூட்டர் கேம் மியூசியத்தில், கிழக்கு ஜெர்மனியில் தயாரான ‘பாலி-ப்ளே’ மெஷினைப் பார்க்கலாம். ரோச்செஸ்டரின் ஸ்ட்ராங் மியூசியம் மெஷின்களோடு விளம்பரத் தாள்கள், வடிவமைப்பு ஆவணங்களையும் சேர்க்கிறது. ஒரே மெஷினுக்கு இரண்டு பெட்டி இருந்தால் சிக்கலில்லை: ஒன்றை விளையாட விட்டு, மற்றதைத் தொடாமல் வைக்கலாம். ஒன்றே ஒன்றுதான் என்றால் பாகங்களைப் பிரிக்க வேண்டும். பட்டன், ஜாய்ஸ்டிக், பேரிங் ஆகியவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்குப் புதியது போடலாம், அசலைப் பையில் போட்டு எண்ணிட்டு வைக்கலாம். ரோம், ட்யூப், பக்கவாட்டு ஓவியம் ஆகியவை சாட்சிகள். உதிரும் கண்ணாடி ஓவியத்தில் கடையில் கிடைக்கும் வார்னிஷைத் தெளிப்பவர்களைப் பார்த்தால் பதறுகிறது. பிறகு அசிட்டோனில் கரைத்து எடுக்கக்கூடிய பாராலாய்ட் பி-72 போன்ற பசைதான் அங்கே தகும், அதையும் முதலில் ஓர் ஓரத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், சோதித்துவிட்டே பூச வேண்டும்.

மெஷினை மியூசியத்துக்குக் கொடுப்பவர்களுக்கு ஒன்று: துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்ப வேண்டாம். காசுப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் சர்வீஸ் சீட்டு, கையால் எழுதிய வசூல் கணக்கு, டிப் சுவிட்ச் (போர்டில் விளையாட்டின் அமைப்புகளை மாற்றும் சிறு சுவிட்சுகள்) வைத்திருந்த நிலை, சாவிக்கொத்து எல்லாவற்றையும் இருந்தபடியே கொடுங்கள். ஒரு காசுக்கு எத்தனை உயிர் என்று அந்தக் கடைக்காரர் வைத்திருந்தார் என்பது அந்த டிப் சுவிட்சில்தான் பதிவாகியிருக்கிறது.