லேபிளில் அண்ணன் பெயர்

பன்னிரண்டு வருடமாக மருத்துவமனை லேபில் வேலை. ட்ரோபோனின், அதாவது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம்; அதன் ரிசல்ட்டை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மெஷினில் எண் வரும், சரிபார்த்து அனுப்பிவிட்டு அடுத்த டியூபுக்குப் போய்விடுவேன். போன வருடம் ஒரு நைட் டியூட்டியில் வந்த டியூபின் லேபிளில் என் அண்ணன் பெயர், வயது 52.

சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். அண்ணனுடையது ரோஸ் நிறத்தில் இருந்தது. ரத்தம் எடுக்கும்போதே சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. நாங்கள் பார்க்கும் ட்ரோபோனின் டி, இப்படிப்பட்ட ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். வேறு யாருடையதாவது என்றால் போனை எடுத்து "மறுபடி எடுத்து அனுப்புங்க" என்று சொல்லியிருப்பேன். அன்று மாடிப்படி ஏறி ஓடினேன்.

ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது டியூபில் 38 வந்தது. எங்களுக்கு 14 வரை நார்மல். ஒரு மணி நேரம் கழித்து 96. இந்த ஏற்றம்தான் விஷயம். சிறுநீரகம் பழுதானவருக்கு 38 என்பது மாதக்கணக்கில் அங்கேயே நிற்கலாம். இதயத் தசை செத்துக்கொண்டிருந்தால் நிற்காது, ஏறும். ஸ்டென்ட் வைத்த பிறகு மறுநாள் 1,900 வரை போய் இறங்க ஆரம்பித்தது.

அண்ணி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இது நல்ல நம்பரா, கெட்ட நம்பரா? இனிமே எப்படி இருப்பார்?" என்று கேட்டார். தினமும் அந்த எண்ணை அனுப்புகிறவனுக்குப் பதில் வரவில்லை. தசை எவ்வளவு போயிற்று என்பதற்கு உச்ச அளவு ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான்.

இதய டாக்டர் கிரேஸ் ஸ்கோர் போட்டார், மாரடைப்பு வந்தவரின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடுவது. அதில் எட்டு விஷயங்கள். ரத்தத்திலிருந்து வருபவை இரண்டே இரண்டு: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ட்ரோபோனின் கூடியிருக்கிறதா என்பது. மற்றவை வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. மாற்றம், நுரையீரலில் நீர் சேர்ந்த அறிகுறி, வரும்போது இதயம் நின்றிருந்ததா என்பவை. லேப்காரனுக்குக் கொஞ்சம் அடிதான். அப்புறம் டாக்டர் சொன்னது இன்னும் உறைத்தது: "இது இவரை மாதிரி நூறு பேரில் எத்தனை பேர் என்ற கணக்கு. அந்த நூறில் இவர் யார் என்று இது சொல்லாது."

மூன்றாம் நாள் என்டி-புரோபிஎன்பி என்ற இன்னொரு ரத்தச் சோதனை பார்த்தோம். இதன் ஜோடியான பிஎன்பி-யை 1988-ல் ஜப்பானியர்கள் பன்றி மூளையில் கண்டுபிடித்ததால் பெயரிலுள்ள 'பி'-யாக 'பிரெயின்' ஒட்டிக்கொண்டது. உண்மையில் அதைப் பெரும்பாலும் சுரப்பது இதயத்தின் கீழறைகள், சுவர் இழுபடும்போது. ட்ரோபோனின் நடந்த சேதத்தைச் சொல்கிறது என்றால், மிச்சமிருக்கும் தசை எவ்வளவு திணறுகிறது என்பதை இது காட்டும். பின்னால் இதயச் செயலிழப்பு வருமா என்று யோசிக்க எனக்கு இதுதான் பிடித்த சோதனை. வயது கூடினாலும் கிட்னி மோசமானாலும் இதுவும் ஏறும், அதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். அண்ணனுக்கு 1,100. அண்ணி தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து நானே ரத்தம் எடுத்தேன். மெல்லிய ஊசி வேண்டாம், இழுக்கும்போது அவசரம் வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "இத்தனை வருஷமா இந்த வேலைதான் பாக்குறியா? இப்படி வலிக்குது" என்றார் அண்ணன். பிளாஸ்மா நல்ல மஞ்சளாக வந்தது. என்டி-புரோபிஎன்பி 310.