இங்கிலீஷில் ஒரு கறார் கடிதம்

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் மொத்தம் பன்னிரண்டு வீடு. பதினொரு வீட்டு மெயின்டனன்ஸ் மாதம் 5ஆம் தேதிக்குள் வந்துவிடும். மூன்றாவது மாடிக்காரரிடம் கேட்டால் மட்டும், "அதுக்கென்ன சார், குடுத்துடலாம்" என்பார். யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதெல்லாம் அந்த 'டலாமு'க்குள் போய் ஒளிந்துகொள்ளும். இதற்குள் மோட்டார் காயில் போய், லிஃப்ட் கம்பெனிக்காரன் ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு) பணம் கேட்டு வந்து, தண்ணி லாரிக்காரனும் பழைய பாக்கியைக் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில், டேங்க் நிழலில் கமிட்டி கூடியது. செயலாளர் சார் ரிட்டயர்டு அதிகாரி. "தமிழ்ல எழுதினா க்ஷேமம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். இங்கிலீஷ்ல போட்டாத்தான் வக்கீல் நோட்டீஸ் வாசனை வரும்" என்று சொல்லி, வீட்டிலேயே எழுதி வந்ததை வாசித்தார். 'வி இன்ஃபார்ம் யூ இன் நோ அன்சர்ட்டன் டேர்ம்ஸ்' (சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிவிக்கிறோம்) என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தபடி.

முதல் மாடி மாமி கை தூக்கினார். "அன்சர்ட்டன்னா சந்தேகம்தானே? காசு கேக்கற எடத்துல அது எதுக்கு?"

"அதுக்கு முன்னாடி 'நோ' இருக்கே மாமி."

"அந்த மனுஷன் 'நோ' வரைக்கும் படிச்சுட்டு, பணம் வேண்டாம்னுட்டாங்கன்னு மடிச்சு வெச்சுடுவார்."

வாதத்தில் நியாயம் இருந்தது. கீழ்வீட்டு இங்கிலீஷ் டீச்சர்தான் சமாதானம் சொன்னார். இதற்கு லைட்டோட்டீஸ் என்று பெயராம். எதிர்ப்பதத்தை 'இல்லை' என்று மறுத்தே விஷயத்தை அழுத்திச் சொல்வது. "நாம 'ஆளு லேசுப்பட்டவன் இல்ல'ன்னு சொல்றோமே, அதேதான்." எல்லோர் பார்வையும் தானாக மூன்றாவது மாடிப் படிக்கட்டுப் பக்கம் போனது.

மாமி விடுவதாக இல்லை. 'திட்டவட்டமாக' என்பதற்கு வேறு இங்கிலீஷ் வார்த்தை தேட வேண்டியதாயிற்று. 'பாயின்ட் பிளாங்க்' போடலாம் என்றேன். அது துப்பாக்கி, பீரங்கிக்காரர்கள் பாஷை, சங்க லெட்டர்பேடில் வேண்டாம் என்றார் பொருளாளர். 'ஃப்ளாட்லி' நல்ல வார்த்தைதான், ஆனால் ஃப்ளாட்காரருக்கு ஃப்ளாட்லி என்று எழுதினால் நக்கல் என்பார்கள். செயலாளருக்கு 'கேட்டகாரிக்கலி' ரொம்பப் பிடித்துவிட்டது. ஸ்பெல்லிங் மட்டும் பிடிபடவில்லை.

டீச்சர் கீழே போய், பழுப்பு அட்டை போட்ட பழைய ராஜெட் தெசாரஸை, அதாவது ஒரே பொருள் தரும் இங்கிலீஷ் சொற்களின் தொகுப்பை, தூக்கிக்கொண்டு வந்தார். பீட்டர் மார்க் ராஜெட் ஒரு லண்டன் டாக்டர். 1805லேயே தன் சொந்த உபயோகத்துக்குச் சொற்களை வகை பிரித்து எழுத ஆரம்பித்தவர், புத்தகமாகப் போட்டது 1852இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு. (நடுவில் ஸ்லைடு ரூல் என்கிற கணக்குப் போடும் நகரும் அளவுகோலில் ஒரு புது வகையையும் கண்டுபிடித்திருக்கிறார். இந்த மாதிரி ஆட்களுக்கு மெயின்டனன்ஸ் பாக்கி வசூலிக்கும் வேலை இருந்திருக்காது.) அகரவரிசை கிடையாது, பொருள்வாரியாக ஆயிரம் தலைப்பு. கிட்டத்தட்ட நம் நிகண்டு மாதிரி. அந்தப் பழைய பதிப்பில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. இடது பக்கப் பத்தியில் ஒரு பொருள், அதற்கு நேர் எதிரிடை வலது பக்கத்தில். 474 நிச்சயம் என்றால் அதை ஒட்டியே 475 நிச்சயமின்மை.

இங்கேதான் வினை. செயலாளர் சாருக்கு பைஃபோகல் கண்ணாடி. டீச்சர் 474இல் விரலை வைத்து "அன்இக்விவகல், மழுப்பல் இல்லாததுன்னு அர்த்தம், இதைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு போன் பேசப் போனார். இவர் ஸ்பெல்லிங் பார்க்கக் குனிந்தபோது கண் கோட்டைத் தாண்டி 475க்குள் இறங்கிவிட்டது. அங்கே இருந்தது 'இக்விவகல்'. அதை நகலெடுத்து, கையெழுத்துப் போட்டு, சங்கத்து ரப்பர் ஸ்டாம்பும் குத்தியாயிற்று. பாக்கியைக் கட்டும்படி சங்கம் அவருக்கு மழுப்பலாகத் தெரிவித்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

டீச்சர் திரும்பி வந்து படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வாட்ச்மேன் அதற்குள் கடிதத்தின் ஒரிஜினலை மேலே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்று மாமி விரல் மடக்கினார். "கறாரா, கண்டிப்பா, மூஞ்சிக்கு நேரா, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா... இத்தனை இருக்கறச்சே, பூசி மெழுகறதுக்கு இங்கிலீஷ் என்னத்துக்கு?"

ஆச்சரியம், மறுநாளே பதில் வந்தது. அதுவும் இங்கிலீஷில், டைப் அடித்து. 'ஐ வில் பாசிட்டிவ்லி ட்ரை டு பே, டென்டேட்டிவ்லி பை மன்த் எண்ட்.' கட்டாயமாக முயற்சி செய்வாராம், உத்தேசமாக மாதக் கடைசியில். டீச்சருக்குக் கோபம் வரவில்லை. பென்சிலை எடுத்து 'பாசிட்டிவ்லி'க்கு அடியில் ஒரு கோடு, 'டென்டேட்டிவ்லி'க்கு அடியில் ஒரு கோடு போட்டு, "ரெண்டு பத்தியையும் ஒரே வாக்கியத்துல கொண்டுவந்துட்டார் பாருங்க" என்று எங்கள் எல்லோரிடமும் காட்டினார்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கார்பன் பேப்பரை நேராக்கினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், ரசீது போடணுமா வேண்டாமா? 474ஆ, 475ஆ?"