அம்மாவின் சோடியம் - நாட்குறிப்பு

மார்ச் 4, இரவு

அம்மா ஐ.சி.யூ.வில். ரத்தத்தில் சோடியம் 109. இருக்க வேண்டியது 135-லிருந்து 145 வரை. பிரஷருக்குக் கொடுத்த தயாசைடு மாத்திரையை நிறுத்தியாச்சு. 3 சதவீத உப்புநீர் பம்பில் சொட்டுகிறது. அம்மாவின் கண்ணாடி என் கைப்பையில்.

மார்ச் 5

காலை 113.

"சாப்பாட்டுல உப்பைக் குறைச்சீங்க, அதான்" என்கிறாள் சித்தி. அந்த மாத்திரை உப்பைச் சிறுநீரில் தள்ளிவிட்டது, தண்ணீர் உள்ளேயே தங்கி சோடியம் நீர்த்துப்போனது என்று விளக்கிப் பார்த்தேன். அப்புறம் சரி சித்தி என்று போனை வைத்துவிட்டேன்.

மாலை 116. "இன்னும் வேகமா ஏத்தச் சொல்லு" என்று துபாயிலிருந்து அண்ணன். ஒரு நாளைக்கு 8-க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள்டா. வேகமாக ஏறினால் மூளைத்தண்டில் நரம்புறை சிதையும், பேச்சும் விழுங்குவதும் போகலாம், அதுவும் சில நாள் கழித்துத்தான் தெரியும். இவ்வளவையும் டைப் செய்து அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

மார்ச் 6, விடியற்காலை 3 மணி

121. சிறுநீர் கொட்டுகிறதாம், எண் தன்பாட்டுக்கு ஏறுகிறது. உப்புநீரை நிறுத்திவிட்டு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் (சர்க்கரை நீர்) சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரஸினும் கொடுத்து வேண்டுமென்றே இறக்குகிறார்கள். நேற்று வரை ஏறு ஏறு என்று வேண்டினேன். முருகா, இறங்கட்டும்.

மதியம்

118.

மார்ச் 7

ஒரே நேரத்தில் எடுத்த ரத்தம். ஐ.சி.யூ. உள்ளே இருக்கும் ஏ.பி.ஜி. மெஷின் (ரத்த வாயு பார்ப்பது, சோடியமும் காட்டும்) 121 என்கிறது, கீழ்த்தள லேப் 124 என்கிறது. 3 தானே என்று விட முடியவில்லை. ஒரு நாளைக்கு 8 என்று எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் 3 சின்ன விஷயமா? எதை நோட்டில் எழுதுவது?

டூட்டி டாக்டர் நின்று சொன்னார், நல்ல பையன். உள்ளே இருக்கும் மெஷின் ரத்தத்தை அப்படியே அளக்கிறது. லேப் மெஷின் சீரத்தை, அதாவது ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த தெளிந்த நீரை, முதலில் நீர்க்கவைத்து அளக்கிறது. சீரத்தில் 93 சதவீதம் தண்ணீர், மீதி புரதமும் கொழுப்பும் என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடும். அம்மாவுக்கு அல்புமின் என்கிற ரத்தப் புரதம் 2.1 தான், குறைவு. புரதம் குறைந்தால் தண்ணீரின் பங்கு கூடிவிடும், அதனால் லேப் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். ஐ.சி.யூ. நோயாளிகள் பலருக்கும் இப்படித்தானாம். "ஒரே மெஷினைப் பிடிச்சுக்கிட்டுப் போவோம், மாத்தி மாத்திப் பார்த்தா நமக்குத்தான் குழப்பம்" என்றார்.

நோட்டில் லேப் எண்களையெல்லாம் அடித்துவிட்டேன்.

கண்ணாடியை உள்ளே கொடுக்கலாமா என்று கேட்க மறந்துபோனது.

மார்ச் 8

ஏ.பி.ஜி. மெஷினில் பொட்டாசியம் 6.4, ரொம்ப அதிகம். சிஸ்டர் ஓடினார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

அப்புறம் லேபிலிருந்து போன்: சுழற்றிய டியூபில் சீரம் ரோஸ் நிறத்தில் இருக்கிறது, சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன, உள்ளே இருந்த பொட்டாசியம்தான் வெளியே வந்து கலந்திருக்கிறது. ஏ.பி.ஜி. மெஷின் ரத்தத்தைச் சுழற்றுவதில்லை, அதனால் அதற்கு இது தெரியவே தெரியாது. வீங்கிய கையில் தேடித் தேடிக் குத்தி எடுத்த சாம்பிள். மறுபடி எடுத்தால் 3.1. அதிகமே இல்லை, குறைவு! அந்த 6.4-ஐ நம்பி இறக்க மருந்து போட்டிருந்தால்?

மணிக்கட்டுத் தமனியில் குழாய் வைத்துவிட்டார்கள். இனிமேல் குத்த வேண்டாம்.

மாத்திரை எழுதியவர் ஒரு வாரம் கழித்து சோடியம் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சில நூறு ரூபாய்.

மார்ச் 9

அம்மா கண்ணைத் திறந்து சிஸ்டரை "பெரியக்கா" என்று கூப்பிட்டாளாம். பெரியக்கா போய் எத்தனையோ வருஷம் ஆச்சு.

128.

மார்ச் 10

பொட்டாசியம் மணிக்கு 10 மில்லிஈக்விவலன்ட் போகிறது, ஆனாலும் 3.2-ஐத் தாண்டவில்லை. பொட்டாசியம் ஏற்றினால் சோடியமும் கூடவே ஏறும் என்பதால் அதற்கும் ஒரு கண் வேண்டுமாம். இன்று மக்னீசியம் பார்த்தார்கள், 1.1. அது குறைவாக இருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காதாம். இதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. மக்னீசியம் சல்பேட் ஓடுகிறது.

அடுத்த சாம்பிள் 9 மணிக்கு. அதற்குள் அப்பாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.