கரித்துணியும் ஏர் ஃபில்டரும்

ஞாயித்துக்கிழமை மெக்கானிக் கடை லீவு. கொரியர்ல வந்த காட்டன் ஏர் ஃபில்டரை நாமளே மாட்டிடலாம்னு காலையிலயே வாசல்ல உக்காந்தாச்சு. வண்டி 2014 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்புரேட்டர் இருக்கிற மாடல்.

பழைய பேப்பர் ஃபில்டரைக் கழட்டினா மடிப்புக்கு மடிப்பு செம்மண். காய்ஞ்ச ஈசல் ஒண்ணு வேற. இதை வெச்சுக்கிட்டுத்தான் மைலேஜ் குறையுதுன்னு புலம்பிட்டு இருந்திருக்கேன்!

புதுசு, நூல் துணியை மடிச்சு, கம்பி வலைக்கு நடுவுல வெச்சது. மேல லேசா எண்ணெய். தூசியைப் பிடிக்கிறதே அந்த எண்ணெய்தான். கழுவி, நிழல்ல காயவெச்சு, திரும்ப எண்ணெய் விட்டு ஓட்டலாம். அதிகமா ஊத்தினா காத்து போகாது.

பழசைக் கழட்டினதும் காத்து போற வாயில துணி அடைக்கணும். ஒரு வாஷர் உள்ள போனாலும் இன்ஜினுக்கு ஆபத்து. விவரமா அடைச்சேன். ஃபில்டரை மாட்டி, மூடி போட்டு, கிக்கரை மிதிச்சேன். மிதிச்சேன், மிதிச்சேன், முட்டி வலிச்சதுதான் மிச்சம். தீப்பொறி தர்ற ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா பெட்ரோல்ல குளிச்சிருக்கு. கார்புரேட்டர்லதான் கோளாறுன்னு முடிவே பண்ணிட்டேன்.

அப்பதான் அம்மா எட்டிப் பாத்தாங்க. "ஏண்டா, அடுப்பு மேடையில இருந்த கரித்துணியை எடுத்தியா?"

மறுபடி எல்லாத்தையும் கழட்டி, துணியை உருவி, பிளக்கைத் துடைச்சு மாட்டினேன். ஒரே கிக்!

ஆக்ஸிலேட்டரை விட்டா மட்டும் சைலன்சர்ல சின்னதா பட் பட்னு வெடிக்குது. காத்து கூடினதுக்குப் பெட்ரோல் பத்தலை போல. கார்புரேட்டர்ல அந்தக் கலவையை மாத்துற மிக்ஸர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிப் பாக்கணும்.

துணியைத் துவைச்சுக் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கலை.