கொண்டையை மட்டும் நம்பாதீர்கள்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது ஒன்பது கோழிக்குஞ்சுகள் மேய்கின்றன. இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுச் சேச்சி வேலியோரம் வரும்போதெல்லாம் "பிடையா, பூவனா?" என்று மலையாளத்தில் கேட்கிறார், அதாவது பெட்டையா, சேவலா என்று. பெட்டைக்கு முன்பணம் தரவும் தயாராம்!

கூரான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பார் அம்மிச்சி. அதில் உண்மை இல்லை, ஆனால் அவரிடம் யார் சொல்வது? பொரித்த அன்றே பின்துவாரத்தைப் பிதுக்கிப் பார்த்துச் சொல்லும் வித்தை 1920களில் ஜப்பானில் உருவானது. பழகாத கை அதைச் செய்தால் குஞ்சுக்குத்தான் கேடு.

ஆறேழு வாரத்தில் சேவலுக்குக் கொண்டையும் தாடியும் சிவந்துவிடும், காலும் தடிக்கும். ஆனால் சில பெட்டைகளுக்கும் கொண்டை சீக்கிரம் சிவக்கும். மூன்று மாதம் பொறுத்து, வால் தொடங்கும் இடத்தில் முதுகுச் சிறகை விரலால் கோதிப் பாருங்கள். சேவலுக்கு நீளமாக, நுனி கூராக, பளபளவென்று தொங்கும். பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். எனக்கு இதுதான் நம்பகம்.

அதுவரை சேச்சியின் முன்பணம் வேண்டாம்.